தேயிலை கப்பலேறியது, உலைக்கு அரிசி எங்கே?

போனக்காட்டுக்கு இன்று வெளியாள் வருவது பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான். வனத்துறையிடம் சீட்டு வாங்கி அகத்தியர்கூடம் ஏற வருகிறார்கள். இல்லையென்றால், பழைய துரை பங்களாவில் வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவி உலாவுவதாக யாரோ கட்டிவிட்ட கதையைக் கேட்டு, இளவட்டங்கள் கூட்டங்கூட்டமாக மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். விதுராவிலிருந்து மலையேறி ஆவியைத் தேடுகிறவர்களுக்கு, லயங்களில் உயிரோடு இருக்கிற மனிதர்கள் கண்ணில் படுவதில்லை. கூரை சரிந்து, சுவர் விரிந்து, மழைக்காலத்தில் எந்த இரவு எது விழுமோ என்று பயந்து படுக்கிற அந்தக் குடும்பங்கள் நம்முடைய குடும்பங்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய கூலிப் பாக்கியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்காக இழுபடுகின்றன. தொழிற்சாலையின் இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. இடுப்பளவில் நிற்கவேண்டிய தேயிலைச் செடி, கவாத்துக் கத்தி படாமல் மரமாகி நிற்கிறது.

இதை ஒரு தோட்டத்துக்கு வந்த கெட்ட காலம் என்று பேசி முடித்துவிடுவது சுலபம். நிர்வாகம் சரியில்லை, யூனியன்காரர்கள் சரியில்லை, தொழிலாளி சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக் கலைந்துவிடலாம். நாம் அதற்குத் தயாராக இல்லை. அந்நிய நாட்டுக் கோப்பைக்காகவே ஒரு மலையை முழுக்கத் தேயிலைக்கு ஒதுக்கி, அதில் உழைப்பவன் அரிசிக்கு வேறு சீமையை எதிர்பார்த்து நிற்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார்? அந்த ஏற்பாடு குலைந்தபோது அதன் நஷ்டம் முழுவதும் ஏன் லயத்தின் வாசலில் வந்து இறங்கியது? கேட்கவேண்டிய கேள்விகள் இவைதாம்.

முதலில் அரிசியிலிருந்து தொடங்குவோம். தேயிலையைப் பற்றிப் பேசுவோர் ஏராளம். அதைக் கிள்ளியவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பேசுவோர் குறைவு.

திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கு நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டுப் பக்கமிருந்தும் நம் முன்னோர் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஏறிய காலத்தில், மலைக்குக் கீழேயும் அரிசி போதாது. தென்னையும் மிளகும் கயிறும் விற்று அரிசி வாங்குகிற நாடாகத்தான் திருவிதாங்கூர் இருந்தது. அதன் களஞ்சியம் நாஞ்சில் நாடு. அதுவும் போதாமல் பர்மா அரிசி கப்பலில் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்தக் கப்பல் நின்றது. திருவிதாங்கூரில் பட்டினி புகுந்தது. மரச்சீனிக் கிழங்குதான் ஏழைகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியது. ஏற்றுமதிப் பயிரை நம்பி உணவை வெளியில் வாங்குகிற நாட்டுக்கு என்ன நேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

பிறகு 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்களின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கோட்டுக்கு மேற்கே, மலைத்தோட்டங்களில் தங்கிவிட்ட தமிழ்த் தொழிலாளியைப் பற்றி அன்று யார் கணக்குப் பார்த்தார்கள்? களஞ்சியம் ஒரு மாநிலத்துக்குப் போயிற்று; கொழுந்து கிள்ளுகிறவள் இன்னொரு மாநிலத்தில் நின்றுவிட்டாள். ஓட்டு இங்கே, உறவு அங்கே, சாதிச் சான்றிதழ் கேட்டால் இரண்டு பக்கமும் கைவிரிப்பு என்ற நிலைமை அன்றைக்குத் தொடங்கியது.

கேரளம் இந்தப் பற்றாக்குறையை அறியாத மாநிலம் அன்று. 1960களின் நடுவில் நாடெங்கும் உணவு நெருக்கடி வந்தபோது, எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் என்ற முறையை இங்கேதான் ஊன்றி நடத்தினார்கள். கேரளம் அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது, மிளகும் தேயிலையும் முந்திரியும் தேசத்துக்கு டாலரும் பவுனும் கொண்டுவருகின்றன, ஆகவே இந்த மாநிலத்தின் வயிற்றுக்கு மத்திய அரசாங்கம் பொறுப்பு என்பது அன்றைய வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. நெல் வயலைத் தென்னந்தோப்பாக்கியதும் ரப்பர் வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். 1974-75இல் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு 8.8 லட்சம் எக்டேர். இன்று 2 லட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2008இல் நெல்வயல் காப்புச் சட்டம் வந்தபோது, காக்க மிச்சமிருந்தது கொஞ்சம்.

இப்படி ஒரு கைமாற்று ஒப்பந்தம்போல நடந்த காரியத்தில் ஒரு தரப்பு பின்வாங்கினால் என்ன ஆகும்? 1997இல் மத்திய அரசாங்கம் ரேஷன் அட்டைகளை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. எல்லோருக்கும் ரேஷன் என்ற பாதுகாப்பு அன்று உடைந்தது. 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, முன்னுரிமைப் பட்டியலில் 1 கோடியே 54 லட்சம் பேருக்குத்தான் இடம். மாநிலத்துக்கு ஆண்டு ஒதுக்கீடு 14.25 லட்சம் டன் என்று கட்டப்பட்டது. எல்லையைத் தாண்டிப் பார்த்தால், தமிழ்நாடு அட்டையைப் பிரிக்க மறுத்தது. 2011 ஜூனிலிருந்து அங்கே அரிசி இலவசம். பிரித்த மாநிலத்தில் இருக்கிற நம் ஆட்களின் கதி என்ன? நிரந்தர வேலை, கம்பெனி வீடு, பிராவிடண்ட் பண்டு என்று ஏட்டில் எழுதியிருந்த குடும்பம் ஏழை என்று எப்படிப் பட்டியலில் ஏறும்? ஏட்டில் வேலை இருந்தது, கூலிதான் வரவில்லை. வறுமையை அளக்கிற அதிகாரிக்கு இந்த வித்தியாசம் புரிவதற்குள் ஒரு தலைமுறையின் சோறு குறைந்துவிடும்.

இனித் தேயிலைக்கு வருவோம்.

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவின் ஏற்றுமதிப் பண்டங்களில் தேயிலை முதல் வரிசையில் இருந்தது. ஆகவே அதற்கு மரியாதையும் இருந்தது. 1953இல் தேயிலைச் சட்டம் வந்தது, வாரியம் வந்தது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், எத்தனை பெரிய குடும்பமானாலும் 20 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று உச்சவரம்பு கட்டியது. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. குடிகிடப்புக்காரனுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் நிலம் கிடைத்தது. லயத்தில் இருந்தவனுக்கு ஒரு சென்ட் கிடைக்கவில்லை. அந்தச் சட்டத்தைப் போற்றிப் பேசுகிற மேடைகளில் இந்த ஒரு வரி சொல்லப்படுவதே இல்லை. தோட்டத்தைத் துண்டாடினால் உற்பத்தி கெடும், அந்நியச் செலாவணி போகும் என்பது சொல்லப்பட்ட காரணம். சரி, செலாவணிக்காக விலக்குப் பெற்றவர்கள் அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றினார்கள்?

1980களின் கடைசியில் இந்தியத் தேயிலை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சோவியத் யூனியனுக்குப் போயிற்று. ரூபாயிலேயே வணிகம், டாலர் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கு இடமில்லை. தரம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும் பெரிய வாடிக்கைக்காரன். அந்த நல்ல காலத்தில் செய்யவேண்டிய வேலை, வயதான செடியைப் பிடுங்கிப் புதுச் செடி நடுவது, இயந்திரத்தைப் புதுப்பிப்பது, லயத்தைச் செப்பனிடுவது. புதுச் செடி கொழுந்து தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து வரும்படி இராது. ஆகவே பல முதலாளிகள் அதைத் தொடவில்லை. லாபம் மலையைவிட்டு இறங்கிவிட்டது. 1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. 1998இல் ருஷ்ய ரூபிள் சரிந்தது. கொச்சி ஏலத்திலும் குன்னூர் ஏலத்திலும் விலை விழத் தொடங்கி, சில ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. பீருமேட்டில் 2000த்தை ஒட்டித் தோட்டம் தோட்டமாகக் கதவு அடைத்தார்கள். நீலகிரியில் சிறு விவசாயி கொழுந்தைக் கிள்ளிய கூலிக்கும் கட்டாது என்று தெருவுக்கு வந்தான். போனக்காட்டில் கூலி நின்றதும் இந்த அலையில்தான்.

ஏலத்தில் விலை விழுந்ததே, கடையில் பொட்டலத் தூளின் விலை விழுந்ததா? நம் பெண்கள் கடையில் வாங்கிய கால் கிலோ பொட்டலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைக் கிள்ளியவளுக்குக் கூலி இல்லை, விற்ற கம்பெனிக்கு நஷ்டமாம், குடிக்கிறவனுக்கு விலை குறையவில்லை. நடுவில் யாரோ ஒருவர் கொழுத்திருக்க வேண்டும் அல்லவா? இதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கை எப்போது நீள்கிறது, எப்போது மடங்கிக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1983 டிசம்பரில் உள்நாட்டில் தேயிலை விலை ஏறியது, உடனே சி.டி.சி. தூள் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலையில் அரிசி விலை ஏறியது. பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். 2024 செப்டம்பரில்தான் வெள்ளை அரிசித் தடையை எடுத்தார்கள். நாம் அரிசியை வாங்கித் தின்கிறவர்கள். விலை ஏறாமல் தடுத்த காரியத்தைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. தஞ்சாவூர் விவசாயிக்கு அதில் வேறு கருத்து இருக்கலாம், அவன் பக்கமும் நியாயம் உண்டு. நாம் கேட்பது வேறு. விலை ஏறும்போது ஒரே இரவில் ஆணை பிறப்பிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, விலை விழுந்து லயத்தில் அடுப்பு அணைந்தபோது எத்தனை ஆண்டு பிடித்தது? நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை என்று ஒன்றாவது இருக்கிறது. தேயிலைக்கு அதுவும் இல்லை. பழைய செடியை மாற்றத் தனி நிதி என்று ஒன்றை அறிவிக்கவே 2007 ஆயிற்று. அதற்குள் போனக்காடு காடாகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நம்மவர்களிடையே உலவும் ஒரு பேச்சைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. இலங்கைத் தேயிலை வந்து நம்மைக் கெடுத்தது என்கிறார்கள். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலை சலுகை வரியில் வரலாம் என்று இருந்தது உண்மை. அந்த அளவு நிரம்பும்படி சரக்கு வரவில்லை என்பதும் உண்மை. 2009இல் கையெழுத்தான ஆசியான் ஒப்பந்தம் இதைவிடப் பெரிது. தேயிலைக்கும் காப்பிக்கும் வரியைப் படிப்படியாக 45 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கேரளம் முழுக்க மனிதச் சங்கிலி நின்றபோது, தோட்டத் தமிழர்களின் கவலையும் அந்தச் சங்கிலியில் இருந்தது. ஆயினும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கிள்ளுகிறவள் யார்? நம் பாட்டனின் உடன்பிறந்தான் வழிப் பேத்தி. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் மூட்டைபோலப் பிரித்தார்கள். இங்கே வந்தவர்களில் சிலர் புனலூர்ப் பக்கம் அரசாங்க ரப்பர்த் தோட்டத்தில் இன்றும் இருக்கிறார்கள். கூலிக்காரி இன்னொரு கூலிக்காரியைப் பழிப்பதால் ஏலக்காரனுக்கு ஒரு காசு குறையாது.

மலைமுகட்டுக்கு அப்பால் நடந்ததையும் பார்ப்போம். நெல்லை மாவட்டத்து மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. அங்கேயும் நம்மவர்தான். கூலி உயர்வும் சிறையிலிருந்தோர் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23ஆம் நாள் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். குத்தகை 2028இல் முடியும் முன்பே, 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு எழுதி வாங்கிக்கொண்டு தொழிலாளரை இறங்கச் சொன்னது. போனக்காட்டில் கம்பெனி நடத்தவில்லை, மக்கள் இருக்கிறார்கள். மாஞ்சோலையில் மக்களையே இறக்கினார்கள். எது மேல் என்று கேட்கிற அளவுக்குத்தான் தோட்டத் தமிழன் வாழ்வு இருக்கிறது.

எல்லா இடத்திலும் தோல்விதான் என்றும் சொல்லமாட்டோம். 2015 செப்டம்பரில் மூணாற்றில் போனஸை 10 விழுக்காடாக வெட்டியபோது, கம்பெனியோடு யூனியன் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்திவிட்டு நம் பெண்கள் நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். தேயிலை விலை விழுந்துவிட்டது என்ற அதே பழைய பாட்டை அவர்களுக்கும் பாடிக் காட்டினார்கள். அவர்கள் எழுந்திருக்கவில்லை. 20 விழுக்காடு வந்தது. நாட்கூலி 500 கேட்டார்கள். அடுத்த மாதம் 232 ரூபாய் 301 ஆயிற்று. பீருமேட்டில் அடைத்த தோட்டங்களில் செடியைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பங்கிட்டு, கிள்ளி, விற்று நாட்களைக் கடத்தினார்கள். அது முழு வாழ்வு அல்ல. பட்டினிக்கு ஒரு தடுப்பு.

போனக்காட்டுக்கு என்ன வழி? "நிலத்தை ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடு, உணவு விளைவித்துக்கொள்கிறோம்" என்று நம் இளைஞர்கள் பேசுகிறார்கள். ஆர்வம் புரிகிறது. ஆனால் அந்தச் சரிவில் நெல் விளையாது. மரச்சீனி வைத்தால் பன்றிக்கு, வாழை வைத்தால் யானைக்கு. சுற்றிலும் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காய்கறி, ஒரு மாடு, மிளகுக் கொடி என்ற அளவில்தான் அந்த நிலம் சோற்றுக்கு உதவும். ஆகவே நாம் கேட்கவேண்டியது, குடியிருப்புக்கும் கொல்லைக்கும் பட்டா நிலம். உழைப்புக்குத் திரும்பவும் நடக்கிற தேயிலை. வீடு கட்டித் தரும் அரசாங்கத் திட்டங்களில் சொந்த நிலம் இல்லாதவன் வரிசையின் கடைசியில் நிற்கிறான் என்பதால், பட்டா முதலில் வரவேண்டும்.

தேயிலையை யார் நடத்துவது? சரியாக நடத்தாத தோட்டத்தை ஏற்றெடுக்க 1953 சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016 ஜனவரியில் வடவங்கத்தின் 7 தோட்டங்களுக்கு மத்திய அரசாங்கம் அந்தப் பிரிவைக் கையில் எடுத்தது. வழக்கு வந்து இழுபட்டது. ஆகவே அதை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது. கேரளச் சட்டத்தின் திருத்தம் தோட்ட நிலத்தில் 5 விழுக்காட்டை வேறு பயிருக்கும் சுற்றுலாவுக்கும் பயன்படுத்த அனுமதிக்கிறது. அந்தச் சலுகையின் பேரில் யாரேனும் பங்களாவைச் செப்பனிட்டு விடுதி நடத்த வந்தால், நாம் தடுக்கப்போவதில்லை. ஆனால் தொழிலாளியின் பாக்கி தீராமல் ஓர் ஆணி அடிக்க விடக்கூடாது. 1972 சட்டப்படி ஓராண்டு உழைப்புக்கு 15 நாள் கூலி பணிக்கொடை. வேலையைவிட்டு நின்ற 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். முப்பது நாள் என்பது இங்கே முப்பது மழைக்காலம் ஆகிவிடும்போலிருக்கிறது. தேயிலை உலகத்துக்கும் வேண்டியிருக்கிறது, நாட்டுக்கும் வேண்டியிருக்கிறது: 2023இல் இந்தியாவில் விளைந்த தூள் சுமார் 139 கோடி கிலோ, அதில் வெளிநாட்டுக்குப் போனது 23 கோடி கிலோ அளவு. மிச்சத்தை இந்த நாட்டு மக்களே குடிக்கிறார்கள். ஏற்றுமதி கெட்டது, ஆகவே தோட்டம் செத்தது என்ற சாக்கு இனியும் செல்லாது.

ரேஷன் விஷயத்தில் நம் கோரிக்கை சுருக்கமானது. நடக்காத தோட்டத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும், வருமானக் கணக்குக் கேட்காமல், மாதம் 35 கிலோ தருகிற மஞ்சள் அட்டை வேண்டும். ஓணத்துக்கு உதவித்தொகையும் அரிசியும் தருகிறார்கள், நன்றி. வயிறு ஓணத்துக்கு மட்டும் பசிப்பதில்லை. மேலும், "மூடிய தோட்டம்" என்று ஏட்டில் ஏறினால்தான் சலுகை என்றால், பூட்டுப் போடாமலே கைவிட்டுப் போன தோட்டத்துக்காரன் எந்த வரிசையில் நிற்பான்? இந்தச் சொல்லை முதலில் திருத்த வேண்டும்.

போனக்காட்டு லயங்களில் இருப்போரும், பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்துக்கும் நெடுமங்காட்டுக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்ட அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பாட்டன், அப்பன், அம்மா யாருடையதாக இருந்தாலும் சரி, சம்பளச் சீட்டு, பிராவிடண்ட் பண்டு எண், பழைய ரேஷன் அட்டை, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த சான்று, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, எதையும் கறையான் தின்ன விடாமல் எடுத்து, மூன்று படி எழுதி, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றை நம் கிளையில் கொடுங்கள். செத்துப்போனவர்களின் பணிக்கொடை வாரிசுக்குச் சேரும். அதைப் பலர் அறியாமல் விட்டுவிட்டார்கள். மூன்றாவது படி தொழில்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும், கையெழுத்திட்ட ரசீதோடு. ரசீது தராமல் மனுவை வாங்கினால், மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த நாள் நாமும் கூட வருகிறோம்.